தாத்தா நாற்காலி வேட்டை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் முற்பகலிலேயே நாற்காலிகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. கடைக்குள் இடமில்லை. எனாமல் தூக்குச்சட்டி, பர்மா அரக்குக் கிண்ணம், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பூட்டு இல்லாத கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் தாண்டி, நடைபாதை ஓரமாகக் கை நீண்ட சாய்வு நாற்காலி ஒன்று கிடக்கிறது. சென்னைப் பதிவெண் காரிலிருந்து இறங்கிய இளம் தம்பதி அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கிறார்கள். "பால்கனியில போட்டா சூப்பரா இருக்கும்ல?" என்கிறார் மனைவி.

கூட வந்த பெரியவர் மட்டும் வேறு வேலை பார்க்கிறார். நாற்காலியைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தை நகத்தால் சுரண்டி, மோந்து பார்க்கிறார். நிமிர்த்தி உட்கார்கிறார். முகத்தில் சுகம் தெரிகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. மருமகன் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. "நல்ல தேக்குதான் மாப்ளே. ஆனா இதுல என்னை உட்கார வெச்சா, சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் வந்து தூக்கணும்" என்று சிரிக்கிறார்.

பழைய நாற்காலிக்கு இப்போது திடீர் மவுசு. இன்ஸ்டாகிராமில் வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோக்களில் ஒரு மூலையில் பிரம்பு நாற்காலி இல்லாமல் இருப்பதில்லை. காபிக் கடை, ஹோம்ஸ்டே, கல்யாண போட்டோ ஷூட் என்று எல்லாரும் அதைத் தேடுகிறார்கள். காரைக்குடி, மட்டாஞ்சேரி, புதுச்சேரி என்று பழைய சாமான் கடைகளுக்கென்றே கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், படத்துக்கு ஏற்ற நாற்காலியும் உடம்புக்கு ஏற்ற நாற்காலியும் ஒன்றாக அமைவது அபூர்வம். வாங்கப் போகிறவர் மனதில் வைக்க வேண்டியவை உட்காரப்போகிறவரின் முழங்கால், நாற்காலியின் அடிப்பக்கம், பிரம்பு பின்னுகிறவரின் போன் நம்பர். படமெடுக்கும் அவசரத்தில் விட்டுப்போவதும் இவைதான்.

எங்கிருந்து வந்தன இவை?

நம் ஊர்ப் பழைய வீடுகளில் நாற்காலி வெகு தாமதமாக நுழைந்த விருந்தாளி. திண்ணை, பட்டாலை, ஊஞ்சல், பாய், மணை இவையே உட்காரப் போதுமாக இருந்தன. வெள்ளைக்கார அதிகாரிகளையும் வியாபாரக் கூட்டாளிகளையும் உட்கார வைக்கத்தான் முகப்பில் நாற்காலி வேண்டியிருந்தது. பர்மாவில் வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து தேக்கைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தன. தூணுக்கும் உத்தரத்துக்கும் வந்த அதே மரம் நாற்காலிக்கும் ஆனது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வரவு அறுந்தது. இன்று 'பர்மா தேக்கு' என்று ஒரு கடைக்காரர் சத்தியம் செய்தால், அந்தச் சாமான் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தது என்று அவர் சொல்வதாகத்தான் பொருள். சத்தியம் மெய்யா என்பது வேறு கதை.

தோட்டத் துரைமார்களின் பங்களாக்களிலிருந்து வந்தது இன்னொரு வகை. பிரம்பு பின்னிய சாய்ந்த முதுகு, இரண்டு பக்கமும் முன்னால் நீளும் கை. சிலவற்றில் கைக்கு அடியிலிருந்து இன்னொரு பலகை திரும்பி வெளியே வரும். அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டால், வேலையாள் வந்து பூட்ஸைக் கழற்றிவிட வசதி. இதன் ஏழைத் தம்பிதான் நாம் எல்லாரும் அறிந்த மடக்கு ஈஸி சேர். நான்கு சட்டம், இரண்டு உருட்டுக்கட்டை, நடுவே கோடு போட்ட துணி.

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் என்றாலே பேப்பூர் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியும் சாய்வு நாற்காலியும்தான் வாசகர் கண்ணுக்குத் தெரியும். தமிழில் தோப்பில் முகமது மீரானுக்கு 1997-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவலின் பெயரே 'சாய்வு நாற்காலி'. அதன் நாயகன் பழம்பெருமை பேசிக்கொண்டு சாய்ந்தபடியே இருந்து, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறான். இன்று கடைத்தெருவில் விற்கும் நாற்காலிகளில் பலவும் அப்படி ஒரு வீட்டைவிட்டு வெளியேறியவைதான்.

[பெட்டிச் செய்தி]
எது என்ன நாற்காலி?

மடக்கு ஈஸி சேர்: துணி கிழிந்தாலும் சட்டம் பல காலம் நிற்கும். சாய்வை மாற்றும் பின்பக்கப் பல்வரிசை மழுங்கியிருந்தால் நழுவும், விரல் நசுங்கும்.

கை நீண்ட சாய்வு நாற்காலி: இடத்தை அடைக்கும். கால் நீட்டினால் ஆறடிக்கு மேல் தரை வேண்டும். பால்கனியை அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

வளைமர நாற்காலி: நீராவியில் வளைத்த மரம், வட்டப் பிரம்பு இருக்கை. மும்பை ஈரானிக் கடைகளில் பார்த்திருக்கலாம். ஆஸ்திரியாவில் தோனெட் நிறுவனம் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலிதான் இவற்றின் மூலம். ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவே. 1930-க்குள் 5 கோடி விற்றது.

ஸ்லிப்பர் சேர்: கை இல்லாத, குட்டையான, மெத்தை வைத்த படுக்கையறை நாற்காலி. இதைப் பற்றி உள்ளே.
[பெட்டி முடிந்தது]

கவிழ்த்துப் பாருங்கள்

பழைய நாற்காலியின் ஜாதகம் அதன் அடியில்தான் இருக்கிறது. மேல்பக்கத்துக்குப் பாலிஷ் போடலாம், அடிப்பக்கத்தை யாரும் சீந்துவதில்லை.

முதலில் மூட்டு. பழைய ஆசாரிகள் துளையும் கழுந்துமாகப் பூட்டி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். அந்த மூட்டு தளர்ந்தாலும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி இறுக்கிவிடலாம். இரும்பு ஆணி அடித்துச் சமாளித்திருந்தால் மரம் வெடித்திருக்கும்; ஆணியைப் பிடுங்கினால் இன்னும் வெடிக்கும். திருகாணி இருந்தால் அதன் தலையைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோடு போட்ட தலை பழமைக்கு ஒத்துப்போகும். கூட்டல் குறி போட்ட தலை 1930-களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் பிறகு பரவியது. '150 வருஷத்து நாற்காலி' என்று சொல்லி விற்பதில் அது இருந்தால், ஒன்று நடுவில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது வருஷத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

அடுத்தது பூச்சி. தேக்கின் வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. மரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் காவல். ஆனால் வெளிறிப்போன ஓரப்பகுதியான வெளிர்க்கட்டைக்கு அந்தக் காவல் இல்லை. குண்டூசி முனை அளவுத் துளைகள் தெரிந்தால் பதற வேண்டாம். அவை பழையதாகவும் இருக்கலாம். கறுப்புக் காகிதத்தை அடியில் விரித்து இரண்டு மூன்று நாள் விட்டுவைக்க வேண்டும். புதிதாக மாவு கொட்டினால் உளு உயிரோடு இருக்கிறது. அந்த நாற்காலி வீட்டுக்குள் வரக்கூடாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

நாற்காலியை உட்கார்ந்து ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சமதளத்தில் வைத்து ஆட்ட வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கடைவாசல் கல்தரையில் எல்லா நாற்காலியும் ஆடும், எல்லா நாற்காலிக்கும் அதே சமாதானம் கிடைக்கும்.

போலி பற்றியும் ஒரு சொல். பழைய கதவு நிலையையும் உத்தரத்தையும் அறுத்துப் புது நாற்காலி செய்வது இன்று பெரிய தொழில். அதில் தவறில்லை, மரம் பழையது, வேலை புதியது என்று சொல்லி விற்றால் நல்ல சரக்குதான். பழைய நாற்காலி என்று சொல்லும்போதுதான் வம்பு. உண்மையான தேய்மானத்துக்கு ஒரு நியாயம் உண்டு. உள்ளங்கை படும் இடத்தில் கை வழவழப்பாகியிருக்கும், குதிகால் உரசும் முன்கட்டை குழிந்திருக்கும். யாரும் தொடாத முதுகின் பின்பக்கமும் அதே அளவு தேய்ந்திருந்தால், உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது.

முழங்கால் கணக்கு

சாப்பாட்டு மேஜை நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 17, 18 அங்குலம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு அதைவிடக் கீழே போய்விடுகிறது, முழங்கால் மேலே நிற்கிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது சுகம். எழுபது வயதுக்காரருக்கு எழுவதற்கு முழங்காலும் தொடையும் இரட்டிப்புப் பாடுபட வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தாழ்ந்த இருக்கையைத் தவிர்க்கச் சொல்லி டாக்டர்கள் எச்சரிப்பது வழக்கம். 'அப்பாவுக்குப் பிடிக்கும்' என்று வாங்கிப் போகும் நாற்காலியில் அப்பா உட்காராமல் போவதற்கும், அதில் துவைத்த துணி குவிவதற்கும் பெரும்பாலும் இந்தத் தாழ்வுதான் காரணம்.

இதே கணக்கில் வருகிறது ஸ்லிப்பர் சேர். இருக்கை உயரம் 14 முதல் 16 அங்குலம் வரை. விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் அடுக்கடுக்கான பாவாடைகளோடு படுக்கையறையில் உட்கார்ந்து காலுறையும் காலணியும் மாட்டிக்கொள்ள இது வேண்டியிருந்தது. கை வைத்தால் பாவாடை சிக்கும். உயரமாக இருந்தால் கால் எட்டாது. நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியரான ஜான் ஹென்றி பெல்ட்டர் 1850-களில் ரோஸ்வுட்டை மெல்லிய தகடுகளாக ஒட்டி, வளைத்து, பூவும் கொடியுமாகச் செதுக்கிச் செய்தவை இன்று மியூசியங்களில் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பில்லி பால்ட்வின் என்ற நியூயார்க் உள்ளலங்காரக் கலைஞர் செதுக்கலை எல்லாம் கழித்துவிட்டு, தலைமுதல் கால்வரை துணி போர்த்திய கட்டமான வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்து வரவேற்பறையில் போட்டார்.

நம் ஊர்ப் பழைய கடைகளில் அசல் ஸ்லிப்பர் சேர் கண்ணில் படுவது அரிது. இணையத்தில் அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் புதிய பஞ்சு நாற்காலிகள். ஆனாலும் யோசனை நமக்குப் பொருந்தும். கை இல்லாததால் சம்மணம் போட்டு உட்காரலாம். நாற்காலியிலும் சம்மணம் போடுகிற இனம்தானே நாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு முழங்கை இடிக்காது. தாழ்வான முதுகு ஜன்னலை மறைக்காது, பத்துக்குப் பத்து அறையில் அது பெரிய லாபம். வீட்டுப் பழைய கையில்லா நாற்காலிக்குத் தடித்த மெத்தை போட்டாலே பாதி வேலை முடிந்தது. மெத்தைக்கு இலவம்பஞ்சு மட்டும் வைத்தால் சீக்கிரம் அமுங்கிக் கட்டையாகிவிடும். அடியில் ரப்பர் கலந்த தேங்காய் நார்ப் பலகை, மேலே மெல்லிய பஞ்சு என்று வைப்பது நம் வெயிலுக்கும் நல்லது.

ஒன்று மட்டும் கூடாது. தாழ்வாக வேண்டும் என்பதற்காகப் பழைய தேக்கு நாற்காலியின் காலை அறுப்பது. அறுத்த கால் திரும்ப வளராது. குட்டைதான் வேண்டும் என்றால் புதிதாகச் செய்துகொள்ளலாம், ஆசாரிக்கும் வேலை கிடைக்கும்.

பின்னுகிறவர் எங்கே?

பிரம்பு நாற்காலியை வாங்குவது ஒரு நாள் செலவு. அதைப் பின்ன ஆள் தேடுவது பல வருஷத்து வேலை.

பிரம்பு ஒரு கொடிப்பனை. அதன் வழவழப்பான தோலை நாராக உரித்துத்தான் இருக்கை பின்னுகிறார்கள். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை. நீளவாட்டில் ஓர் அடுக்கு, அகலவாட்டில் ஓர் அடுக்கு, மறுபடி நீளம், மறுபடி ஊடுபாவாக அகலம், பிறகு இரண்டு குறுக்குச் சாய்வு, கடைசியில் ஓரக்கட்டு. ஏழு கட்டம் முடிந்தால்தான் அந்த எண்கோணக் கண்கள் தெரியும். கை தேர்ந்தவருக்கே ஓர் இருக்கைக்கு ஒரு நாளுக்குமேல் பிடிக்கும். ரோலாக வரும் தயார்ப் பின்னலை வெட்டி, காடியில் பசையோடு அழுத்திப் பொருத்துவது குறுக்குவழி. சுற்றிலும் துளை இருந்தால் கைப்பின்னல், துளை இல்லாமல் காடியில் பட்டை இறுக்கியிருந்தால் தயார்ப் பின்னல். கூலி பேசும்முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்வைச் சவால் உள்ளவர்களுக்கான பள்ளிகளில் நாற்காலிப் பின்னல் பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கைத்தொழில். விரல் நுனி துளையை எண்ணும், நாரின் ஈரத்தை உணரும், கண் தேவைப்படுவதில்லை. அரசு அலுவலகங்களிலும் கோர்ட்டுகளிலும் ரயில்வேயிலும் இருந்த பிரம்பு நாற்காலிகள் அவர்களுக்கு நிரந்தர வேலை தந்தன. பிறகு பிளாஸ்டிக் ஒயர் வந்தது. அதன்பின் வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் சுழல் நாற்காலியும் வந்து அந்த வேலையை அனேகமாகத் துடைத்துவிட்டன. பழைய நாற்காலிக்குத் திரும்பியிருக்கும் மவுசு, பின்னுகிறவரின் கூலியில் எதிரொலித்தால்தான் அதற்கு அர்த்தம். கடையில் நாற்காலிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பின்னல்காரரிடம் நூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவர்களைக் காணாத ஊர் இல்லை.

பராமரிப்பு எளிது. தொய்ந்த பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நிழலில் ஓரிரவு காயவிட்டால் ஓரளவு இறுகும். ஏ.சி. அறையில் தொடர்ந்து கிடந்தால் வறண்டு ஒடியும். அதன்மேல் முழங்காலை ஊன்றி மின்விசிறியைத் துடைப்பவர்கள் புதுப் பின்னலுக்கு முன்பணம் எடுத்துவைப்பது நல்லது.

சண்டிகரில் நடந்தது

பழைய நாற்காலியின் மதிப்பைத் தாமதமாகத் தெரிந்துகொண்டதற்குச் சண்டிகரைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. புது நகரத்தைக் கட்டக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவோடு வந்தவர் அவருடைய உறவினர் பியர் ஜான்னரே. 1951 முதல் 1965 வரை அங்கேயே இருந்து, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வடிவமைத்தார். கவிழ்ந்த V வடிவக் கால், பிரம்பு முதுகு. உள்ளூர் ஆசாரிகள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது. மொட்டை மாடியிலும் கிடங்கிலும் அடுக்கினார்கள். பிறகு கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். அந்த ஏலத்தில் வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் சீர்செய்து பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்றபோது விலை லட்சங்களில் நின்றது. மத்திய உள்துறை அமைச்சகம் 2011-இல் இந்தப் பாரம்பரியச் சாமான்களை விற்கத் தடை போட்டது. அதற்குள் கப்பல் ஏறியவை ஏறிவிட்டன. இன்று அதே வடிவத்தில் நகல்கள் உலகமெங்கும் விற்கின்றன.

பிரம்பு பின்னும் கூலிக்கு மிஞ்சாத செலவில் காப்பாற்றியிருக்கக்கூடிய சாமான்கள் அவை. நம் ஊரில் தாலுகா ஆபீஸ், பழைய பள்ளிக்கூடம், நூலகம் என்று எத்தனை இடங்களில் இப்படி நாற்காலிகள் கிடங்கில் உளுத்துக்கொண்டிருக்கின்றன? கணக்கெடுக்க வேண்டியவர்கள் ஏலம் விடும்முன் எடுக்கட்டும்.

வீடு காலியாகும்போது

செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதே கிராமங்களில் வீடுகள் இடிக்கப்படுவதும் நடக்கிறது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவே லட்சங்கள் ஆகும். கடைசியில் பிரித்து விற்பதுதான் சுலபம் என்றாகிறது. முதலில் வெளியேறுவது நாற்காலி, கட்டில், பாத்திரம். அப்புறம் கதவு. கடைசியில் தூண்.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில வீடுகள் ஹோட்டல்களாகி, அவற்றின் நாற்காலிகளில் விருந்தினர் உட்காருகிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கலாம். நாற்காலி வாங்கும் ஆசை உள்ளவர்கள் முதலில் அங்கே போய், அந்தக் காலத்துச் சாமான் எந்த அளவில், எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று பார்த்துவிட்டு வரலாம். இருபதடி உயர முகப்புக்குச் செய்த நாற்காலி ஒன்பதடிக் கூரை ஃபிளாட்டில் ஏன் பூதமாகத் தெரிகிறது என்பது அங்கே புரியும். ஒரு சிறு ஹாலுக்கு ஒரு பழைய நாற்காலி போதும். இரண்டு என்றால் நடக்க இடமிருக்காது, மூன்று என்றால் கடை மாதிரி இருக்கும்.

[பெட்டிச் செய்தி]
சட்டமும் எச்சரிக்கையும்

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் மகனுக்கோ சிங்கப்பூர் மகளுக்கோ கப்பலில் அனுப்பும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈட்டி என்கிற ரோஸ்வுட் வகைகள் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. மரத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பெயின்ட் அடித்த பழைய நாற்காலி, தொட்டில் எதையும் வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயின்ட் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் பழைய மரத்துக்குப் பொருந்தும். பழுதானால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.
[பெட்டி முடிந்தது]

காரைக்குடிக்குக் கார் கிளப்பும்முன் ஒரு வேலை. சொந்த ஊர் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ துணி கிழிந்த ஈஸி சேரின் சட்டம் ஒன்று சாத்திவைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இறக்கித் துடையுங்கள், மாவு கொட்டுகிறதா பாருங்கள். கொட்டவில்லை என்றால் அதற்கு வேண்டியது கெட்டியான கித்தான் துணி கொஞ்சம், தையல்காரரிடம் இரண்டு பக்கமும் உருட்டுக்கட்டை நுழையும் அளவுக்கு மடித்துத் தைத்த இரண்டு தையல். துணியை ஒரு சாண் இறுக்கிப் பிடித்துத் தைக்கச் சொன்னால் இருக்கை உயர்ந்துவிடும். பெரியவர் தானாகவே எழுந்து சாப்பிட வருவார்.